பதினைந்து முறை செத்த நடிகர்

உலக நாடகக் கலைக்கு மலேசியாவின் கேமரன் மலை அளித்த மாபெரும் கொடை பக்கிரிசாமி. பதினைந்து ஆண்டுகள் இடைவிடாமல் மேடையில் செத்த நடிகர் வேறு எந்த நாட்டிலும் இருந்ததாகத் தகவல் இல்லை.

1971இல், ஏழு வயதில், தோட்டத்து மாரியம்மன் திருவிழா நாடகத்தில் பாம்பு கடித்த பாலகனாக அறிமுகமானார். அந்த மலையில் பிணமாகக் கிடப்பது லேசான காரியமல்ல. சாயங்காலக் குளிரில் மூச்சு விட்டால் வாயிலிருந்து புகை வரும். பிணம் புகைந்தால் ஜனங்கள் சிரித்துவிடுவார்கள். தேயிலைப் பெட்டிகளை அடுக்கிக் கட்டிய மேடையில், இரண்டு பெட்டிகளின் இடுக்கில் மூக்கை வைத்து மூச்சைக் கீழே அனுப்பினார் பக்கிரிசாமி. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மேதைகள் அப்படித்தான்.

"செத்தா இப்படிச் சாகணும்" என்று பாராட்டினார் தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணியும் நாடக மன்றத் தலைவருமான அமிர்தலிங்கம்.

மன்றத்தில் 'திறமை' பார்த்தே வேடம் கொடுப்பார்கள். ராஜாவுக்கான திறமை கிராணி வீட்டில் இருந்தது. மந்திரிக்கான திறமை கங்காணி வீட்டில். கொழுந்து பறிக்கும் பாஞ்சாலையின் மகனுக்கு எது வரும் என்பது முதல் வருடமே நிரூபணமாகிவிட்டதால், அதன்பிறகு அவர் வழிப்போக்கனாகச் செத்தார், திருடனாகச் செத்தார், நான்கு போர்களில் செத்தார். கிடந்தபடியே எல்லாருடைய வசனமும் மனப்பாடம். கொழுந்து மூட்டை சுமக்கும்போது தேயிலைச் செடிகளிடம் ராஜாவாகப் பேசுவார். செடிகள் குறை சொன்னதில்லை. மேடையில் ஒரே ஒரு வசனம் பேசிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

1985இல் துணிந்து கிராணியிடமே கேட்டார்.

"பொணத்துக்கு எதுக்குடா வசனம்? ஒன்னை மாதிரி சாவுறதுக்கு ரிங்லெட் வரைக்கும் ஆள் கிடையாது. தெறமைய வீணாக்காத."

வீட்டுக்கு வந்ததும் பாஞ்சாலை கேட்டாள்.

"இந்த வருசமும் பொணந்தானா?"

"ஆமாம்மா. ஆனா இந்தவாட்டி நடு மேடையில."

"அப்ப பெரிய பொணம் லா."

அந்த வருடத் திருவிழா நாடகத்தில் ராஜா, கிராணியின் மகன் ராதாகிருஷ்ணன். தானா ராத்தா பட்டணத்தில் செய்வித்த கிரீடத்தோடு மைக் முன்னால் வந்து, "இந்த வீரனை..." என்று கர்ஜித்தான். அதோடு வசனம் மறந்துவிட்டது. திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக் கொடுக்க வேண்டிய கங்காணி முருகையா, முன்வரிசையில் தோட்ட மேலாளர் துரைக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியை அலங்கரிக்கப் போயிருந்தார்.

"கொன்றவர் யார்?" என்று காலடியில் கிடந்த பிணம் முணுமுணுத்தது. பதினைந்து ஆண்டுகளில் முதல் தடவையாக அதன் வாயிலிருந்து புகை வந்தது.

"கேக்கல, சத்தமாச் சொல்லு லா" என்றான் ராஜா. மைக் அதையும் ஊருக்குச் சொன்னது.

ராஜ கட்டளையை மீற முடியுமா? பக்கிரிசாமி எழுந்து உட்கார்ந்தார். முன்வரிசையில் மன்றக் கமிட்டியார் அனைவரும் வீற்றிருந்தார்கள். அவர்களைப் பார்த்து, மைக் தேவைப்படாத குரலில் கேட்டார்:

"என்னைக் கொன்றவர் யார்?"

கிராணி குனிந்து செருப்பைத் தேடினார். பின்வரிசையில் கைதட்டல் நிற்கவே இல்லை. பாஞ்சாலை மட்டும் தட்டவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விசாரணை.

"பொணம் எப்படிடா பேசலாம்?"

"ராஜா பேசலையே, ஐயா."

இந்த ஒழுங்கீனமான பதிலைக் குறித்துக்கொண்ட கமிட்டி, இனிமேல் பிண வேடத்துக்குக் கந்தல் அடைத்த சாக்கைப் பயன்படுத்துவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தது. அடுத்த வருடம் சாக்கு அபாரமாக நடித்தது. புகை இல்லை, பேச்சு இல்லை. சிறந்த நடிப்புக்கான பொன்னாடையைத் தலைவரே அதற்குப் போர்த்தினார்.

திறமை பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். சாக்கு, கிராணி வீட்டுச் சாக்கு.