பச்ச வந்தா பயந்த பேஜார் சாரு

ஒலகத்துல நல்ல சேதிய கேட்டு வேர்த்து ஊத்தின ஆளு ஒரே ஆளு தான். எங்க பேஜார் சாரு. கெட்ட சேதி வந்தா மனுசன் ஜம்முனு இருப்பாரு, ஒரு டீ கூடவே குடிப்பாரு. நல்ல சேதி வந்துச்சோ, செவுத்த புடிச்சிக்கினு நின்னுடுவாரு.

அவரு பேரு வேற இன்னாவோ. உத்திரமேரூர்ல டீக்கடைக்காரன்லேர்ந்து மொதலாளி வரைக்கும் எல்லாருக்கும் அவரு பேஜார் சாரு தான். "சௌக்யமா சார்?"னா "பேஜாரு." "சாப்ட்டியா சார்?" "பேஜாரு." பொண்டாட்டி புள்ள பெத்தப்ப, "இன்னா கொளந்த சார்?"னு கேட்டதுக்கும் அதே பதிலுதான் சொன்னாருன்னு ஒரு பேச்சு கீது. நான் கிட்ட இல்ல, அதனால சத்தியம் பண்ண மாட்டேன்.

நான் அந்த ஆபீசுக்கு வாச்மேனு. டீ போடறதும் நான் தான். ஆபீசுன்னா கண்ணாடி கட்டடம்னு நெனச்சிக்காதீங்க. பளைய அரிசி மில்லு. மொதலாளியோட அப்பா காலத்துல அங்க நெல்லு அவிச்சவன் நானு. அந்த வாசன சட்டயில ஏறிச்சின்னா துணி கிளிஞ்சாலும் போவாது. தெருமொனயில நான் திரும்பறப்பவே என் சம்சாரம் தட்டுல சோத்த போட்டுடும், வாசன எனக்கு முன்னால வூட்டுக்கு போயிடுமே. எங்க வுட்டேன்? ஆங், மில்லு. அந்த பெரிய மொதலாளி செத்தப்புறம் அவரு புள்ள மெட்ராசுலேர்ந்து வந்து, மிசினெல்லாம் கயட்டி வித்துட்டு, மேஜ போட்டு கம்ப்யூட்டர் வெச்சி, சுத்துப்பட்டு புள்ளைங்கள ப்ரோகிராமு எளுதற வேலைக்கி சேத்துக்கினாரு. "பெரியவரே, நீ இங்கியே இரு"ன்னாரு. இருந்துட்டேன்.

அந்த புள்ளைங்களுக்கு மேல பேஜார் சாரு. நல்ல படிப்பு, நல்ல மூள. ஆனா பஸ்ஸு டைமுக்கு வந்தா ஏற மாட்டாரு. "டைமுக்கு வருதுன்னா அது நம்ம வண்டியா இருக்காது பெரியவரே"ம்பாரு. அதுல ஏறினவன் வூடு போயி சேந்து சோறு துன்னுட்டு படுத்திருப்பான், இவரு ஸ்டாண்டுல லேட்டு வண்டிக்கி நின்னுக்கினு இருப்பாரு. அவரு சம்சாரம் ஒரு தபா ஆபீசுக்கு வந்துச்சு. "தாத்தா, தாலி கட்டறப்ப இவரு மூஞ்சிய பாத்துட்டு எங்க பெரியம்மா, பூ போடறதா ஒப்பாரி வெக்கிறதான்னு கேட்டாங்க"ன்னுச்சு. சாரு பக்கத்துலியே நின்னுக்கினு, "அவங்க கேட்டதுல இன்னா தப்பு?"ன்னாரு.

புள்ளைங்க எளுதினது சரியா ஓடினா அவரு கம்ப்யூட்டர்ல பச்ச வட்டம் வரும், ஓடலன்னா செவப்பு வட்டம் வரும். எனக்கு எளுத்து தெரியாது, கலரு தெரியும். செவப்பு வந்தா புள்ளைங்க தலையில கைய வெச்சிக்கும். சாரு மட்டும் "நான் சொன்னேன்ல"ன்னு கால நீட்டிக்குவாரு. பச்ச வந்தா புள்ளைங்க கை தட்டும். சாரு மொகம் வெளுத்துடும். "பச்ச வந்துகீது. எங்கியோ இன்னாவோ தப்பா நடக்குது."

இப்படி போயிக்கினு இருக்கறப்ப தான் ஆபீசுக்கு நெஜமாவே கண்டம் வந்துச்சு.

எங்களுக்கு சோறு போட்டது ஒரே கஸ்டமரு. மெட்ராசுல மருந்து மொத்த யாவாரம். அவங்க கம்ப்யூட்டருக்குள்ள புதுசா ஒரு எடம் வாங்கிட்டாங்களாம். இனிமே புள்ளைங்க எளுதறது, அத்த சோதிக்கறது, ஓட வுடறது எல்லாம் அந்த எடத்து வழியா தான் வரணும், அவங்க அங்கேர்ந்தே பாத்துக்கினு இருப்பாங்களாம். வெள்ளிக்கெளம வருவோம், ஒங்க எடத்த எங்க எடத்தோட சேத்து காட்டலன்னா வேல வேற ஆளுக்குன்னுட்டாங்க. வேல போனா ஆபீசு போச்சு.

கௌரின்னு மாகறல் பொண்ணு ஒண்ணு. அதோட அப்பா அம்மா நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்கி போறவங்க. டீ வாங்கறப்ப சொல்லிச்சு: "ஆபீச மூடினா எனக்கு கல்யாணம் தாத்தா. மாப்ள ரெடியா கீறான். மூடறதுக்கு தான் காத்துக்கினு கீறாங்க." சிரிச்சிக்கினு தான் சொல்லிச்சு.

நான் சாராண்ட போனேன். "ரெண்டு எடத்த சேக்கறது அவ்ளோ கஷ்டமா சார்?"

"புள்ளைங்க எளுதறது எல்லாம் இன்டர்நெட்டுல கிட்டுன்னு ஒரு எடத்துல கீது பெரியவரே. அத்த குடோன்னு வெச்சிக்கோ. கஸ்டமரு வாங்கினது மில்லு. குடோன்லேர்ந்து மில்லுக்கு நெல்லு தானா ஏறணும்."

"நெல்லு ஏத்தற எலிவேட்டரு போடு சார்."

"போட்டாச்சு. பெல்ட்டு, பக்கெட்டு எல்லாம் மாட்டியாச்சு. குடோன் கதவு தெறக்கல. ஓனரு வந்து சரின்னு அமுக்கணுமாம்."

"மொதலாளிய கூப்டு."

"அவரு இந்த கட்டடத்துக்கு தான் ஓனரு. குடோனுக்கு தினேசு ஓனரு."

தினேசு, மொத மொத வேலைக்கி சேந்த பையன். அவன் பேருல தான் அந்த கிட்டு எடத்த தெறந்தாங்க, அப்பால யாரும் மாத்தல. அவன் பெங்களூருக்கு பூட்டான். போறப்ப மொதலாளி அவன நன்றி கெட்டவன்னு புள்ளைங்க எதிர்லியே கிளிச்சிட்டாரு. அவனும் எங்க எல்லாரு நம்பரயும் அடச்சி வெச்சிட்டான்.

"இத்த முன்னாலியே சொல்லக்கூடாதா சார்?"ன்னேன்.

"தெனமும் சொன்னேனே பெரியவரே."

சொன்னாரு, நெஜம் தான். தினேசு பேருல கீறது ஆபத்துன்னு தெனம் சொன்னாரு. ஃபேனு தலையில வுளும்னும் தெனம் சொன்னாரு. லிப்டே இல்லாத கட்டடத்துல லிப்டு அறுந்துடும்னு கூட ஒரு தபா சொல்லியிருக்காரு. இதுல எத்தன்னு நாங்க எடுத்துக்கறது?

மொதலாளி, "அவன் கால்ல வுளறதுக்கு நான் மூடிட்டே போறேன்"னு ரூமுக்குள்ள பூட்டாரு. வியாயக்கெளம காலையில சாரு என் தோள தொட்டாரு. "வா பெரியவரே, தினேசு வூட்டாண்ட போயி அவங்க அம்மாவ கேப்போம். வேலைக்கி ஆவாது. ஆனாலும் போவோம்."

வாலாஜாபாத் வரைக்கும் பஸ்ஸு, அப்பால ஷேர் ஆட்டோ. அந்த அம்மா வாசல்ல மொறத்துல அரிசி பொடச்சிக்கினு இருந்துச்சு. சாரு கேட்டுக்கு வெளியவே நின்னுட்டாரு. பின்னால நானு, துண்ட கக்கத்துல இடுக்கிக்கினு.

"நாங்க... தினேசு ஆபீசுலேர்ந்து வர்றோம்மா"ன்னாரு.

"உள்ள வாங்க, தண்ணி குடிங்க."

"தண்ணி குடிக்கற நெலமையில நாங்க இல்லம்மா."

எங்க பக்கத்துல சாவு சேதி சொல்ல வர்றவன் தான் ரெண்டு பேரா வருவான், வூட்டுக்குள்ள கால வெக்க மாட்டான், தண்ணி தொட மாட்டான். அது எனக்கு ஒறைக்கறதுக்குள்ள அந்த அம்மா கைலேர்ந்து மொறம் வுளுந்துடுச்சு.

"எம்புள்ளைக்கி இன்னாங்க?"

"எவ்ளோவோ போன் பண்ணி பாத்தோம்மா. எடுக்கல."

அவ்ளோ தான். அந்த அம்மா மாருல அடிச்சிக்கினு ஒரு கத்து கத்துச்சு பாரு, தெருவே ஓடியாந்துச்சு. "பையன் நல்லா கீறாம்மா!"ன்னு நான் கத்தறேன், எவன் காதுல வுளும்? பக்கத்து வூட்டு கெளவி தலைய அவுத்து வுட்டுக்கினு ஒக்காந்துடுச்சு. ஒருத்தன் சாமியானாகாரனுக்கு போன் பண்ணிட்டான். தினேசோட மாமா சாரு சட்டய புடிச்சி, "உயிரோட கீறானா இல்லியா, அத்த சொல்லுய்யா!"ன்னாரு.

கீறான்னு ஒரு வார்த்த சொல்லிட்டு போவ வேண்டியது தானே? இவரு யோசிக்கறாரு. "இப்போதிக்கி இருப்பான்னு தான் நெனக்கறேன். நாளைக்கி யாரு கண்டா?"

மாமா அவரு போன்லேர்ந்து பெங்களூருக்கு அடிச்சாரு. ஒடனே எடுத்துட்டான். ஸ்பீக்கர்ல போட்டாரு.

"மீட்டிங்ல கீறேன் மாமா, இன்னா?"

"நீ செத்துட்டியாமேடா!"

"எவன் சொன்னது?"

"ஒங்க ஆபீசுலேர்ந்து ரெண்டு பேரு சேதி சொல்ல வந்துகீறாங்க."

அவன் கேட்டான்: "அதுல ஒருத்தரு மூஞ்சி எப்டி கீது?"

மாமா சார ஏற எறங்க பாத்தாரு. "சொல்ற மாதிரி இல்லடா."

"பேஜார் சாரு தான். போன அவராண்ட குடு."

சாரு போன ரெண்டு கையால வாங்கினாரு. "நீ பண்ண மாட்டே தினேசு. பண்ணவும் கூடாது. அவ்ளோ பேச்சு பேசினாங்க ஒன்ன. சொம்மா கேட்டுட்டு போலாம்னு தான் வந்தோம்."

"இன்னா சார் பண்ணணும்?"

"ஒரு பட்டன அமுக்கணும். வுடு, ஆவாது."

"யோவ் சார், எங்க அம்மா அங்க அளுதுக்கினு கீது! எந்த பட்டன்னு சொல்லித் தொல!"

சொன்னாரு. அமுக்கிட்டான். "இனிமே ஓனரா ஒன் பேர போடட்டா சார்?"ன்னு கேட்டான்.

"என் பேரயா? இந்த ஊர்லேர்ந்து நான் முளுசா வெளிய போவனான்னே தெரியல. கௌரி பேர போடு."

அந்த அம்மா மொகத்த தொடச்சிக்கினு எங்க ரெண்டு பேருக்கும் மோரு குடுத்துச்சு. குடுத்துட்டு, "ஒன் மூஞ்சில இடி வுள"ன்னுச்சு. சாரு ஒரே மடக்குல குடிச்சிட்டு, "வுளும்மா"ன்னாரு.

வெள்ளிக்கெளம கஸ்டமரு வந்தாங்க. கௌரி இந்த பக்கம் தட்ட, கஸ்டமரு எடத்துல வரிசயா பச்ச, பச்ச, பச்ச. மொதலாளி எல்லாருக்கும் லட்டு குடுத்தாரு. சாரு செவுத்த புடிச்சிக்கினு நின்னாரு. "சந்தோசமா இரு சார்"னேன். "இவ்ளோ பச்ச ஆவாது பெரியவரே"ன்னாரு.

அங்கியே முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். கொஞ்ச மாசம் போச்சு. எல்லாம் இங்கேர்ந்தே தெரியுதே, புள்ளைங்க எங்க ஒக்காந்து எளுதினா இன்னான்னு கஸ்டமருக்கு தோணிடுச்சு. புள்ளைங்கள அவங்களே வேலைக்கி எடுத்துக்கினாங்க, அவங்கவங்க வூட்லேர்ந்தே பாக்கலாம்னுட்டாங்க. கௌரி மாகறல்லியே ஒக்காந்து வேல பாக்குது, மாப்ள வூட்டுக்காரன் வேற எடம் பாத்துக்கினு பூட்டான். அந்த மட்டும் சந்தோசம். பச்சயா செவப்பான்னு பாக்க இனிமே ஆளு வேணாம், அந்த எடமே பாத்துக்கும்னு பேஜார் சார மட்டும் எடுத்துக்கல. அவரு சேத்து குடுத்தது, அவரயே வெளிய தள்ளிடுச்சு. மொதலாளி மில்ல கல்யாண மண்டபத்துக்கு குடுத்துட்டாரு. மண்டபத்துக்காரனுக்கு சொந்தமா வாச்மேனு கீறான்.

கடேசி நாளு மேஜைங்கள வண்டியில ஏத்தறாங்க. இப்ப சொல்லுவாரு, "நான் சொன்னேன்ல"ன்னு இப்ப சொல்லுவாருன்னு எல்லாரும் அவரு வாயயே பாத்துக்கினு கீறோம். சொல்லல. நான் டீ பாத்திரத்த வெளக்கிக்கினு இருந்த எடத்துக்கு வந்து நின்னாரு.

"இனிமே இன்னா பண்ணுவே பெரியவரே?"

"தெரியல சார். இந்த வயசுல எவன் வேல குடுப்பான்?"

மனுசன் எச்சிய முளுங்கினாரு. சட்ட பட்டன திருவினாரு. வண்டிய பாத்தாரு, வானத்த பாத்தாரு.

"எல்லாம்... நல்லபடியா நடக்கும் பெரியவரே. ஒனக்கு ஒண்ணும் ஆவாது."

சொல்லிட்டு, நான் இன்னா சொல்றேன்னு கேக்காம, பஸ் ஸ்டாண்டு பக்கம் வேகமா நடந்துட்டாரு. அந்த மாதிரி வார்த்த பேசி பளக்கமே இல்லாத வாயி. எனக்காவ அத்தயும் பேசிச்சு.