சவ்வக்கா கட்டிலிலிருந்து குதித்த கதை

கோயமுத்தூர் ஜில்லாவிலேயே டைனோசர்களைத் துளியும் மதிக்காத ஒரே பெண் எங்கள் சவ்வக்காதான். "அதுக கெடக்குதுங்க. அதுக தலைக்கு மேல என்ன போச்சுன்னு யாராச்சும் பாத்தீங்களா?" என்பாள்.

மேலே போனது, கைக்கும் காலுக்கும் நடுவே தோல்சவ்வை விரித்து மரத்துக்கு மரம் மிதந்த ஒரு குட்டிப் பாலூட்டி. பதினாறு கோடி வருஷத்துக்கு முந்தையது. சீனாவில் அதன் புதைபடிவம் சவ்வோடு கல்லில் பதிந்து கிடைத்ததைப் படித்த நாளிலிருந்து அக்காவுக்கு வேறு பேச்சே கிடையாது; அதனால்தான் அவள் சவ்வக்கா. சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை. பீளமேட்டு லேடீஸ் ஹாஸ்டலில் நானும் அவளும் ஒரே அறை. யாராவது 'பறக்கும் அணில்' என்றால் தொலைந்தார்கள். "அணில் இல்லீங்க! பறக்கவும் இல்லீங்க, மிதந்துச்சு!" சாம்பார் ஊற்ற வந்த மெஸ் அம்மா, கரண்டியை நீட்டியபடியே முழுப் பாடத்தையும் கேட்டிருக்கிறார். மதுக்கரையில் பொறுக்கிய சுண்ணாம்புக்கல்லில் பல் தெரிகிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னாள். தெரியவில்லை. அக்காவுக்கு மட்டும் தெரிந்தது.

கோபிசெட்டிபாளையத்தில் அவளைப் பெண் பார்க்க வந்தபோது துணைக்குப் போனேன். "அம்மணி, இன்னிக்கு ஒரு நாளு அந்தச் சவ்வ மறந்துரு சாமி" என்று அவள் அம்மா கெஞ்சினார். மாப்பிள்ளையின் போட்டோ அக்காவுக்குப் பிடித்திருந்தது. தலையாட்டினாள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. மாப்பிள்ளையின் அப்பா சும்மா இராமல், "ஏனுங்க அம்மணி, பொழுதுபோக்கு என்னங்க?" என்றார்.

"படிப்பேனுங்க."

"என்ன படிப்பீங்க?"

அவ்வளவுதான். காபி ஆறுவதற்குள் டைனோசர் காலம் கூடத்துக்குள் வந்துவிட்டது. "அதெப்படிங்க, ரெக்கை இல்லாம?" என்று மாப்பிள்ளை வாய்தவறிக் கேட்டார். அக்கா கட்டில்மேல் ஏறி, பட்டு முந்தானையை இரு கைகளிலும் விரித்து, "இப்படித்தானுங்க!" என்று குதித்தாள்.

மிதக்கவில்லை. அவள் காபித் தட்டில் இறங்க, காபி மாப்பிள்ளை அப்பாவின் வெள்ளை வேட்டியில் இறங்கியது.

"நல்ல பொண்ணுதானுங்க. ஆனா குதிக்குதுங்களே" என்று மறுநாள் போனில் சொல்லிவிட்டார்கள்.

ஹாஸ்டலுக்குத் திரும்பிய அக்கா பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அப்படி அவளை நான் பார்த்ததே இல்லை. "ரெக்கை இல்லாம எப்படின்னு அந்த மாப்பிள்ளை நெசமாலுமே தெரிஞ்சுக்கத்தான் கேட்டாருன்னு நெனச்சுப்போட்டேன் கண்ணு" என்றாள் மெல்ல.

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. "ஏனுங்கக்கா, அது என்னத்தைங்க தின்னுச்சு?" என்றேன்.

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "செடிகொடிதான் கண்ணு. பல்லப் பாத்தாலே தெரியும்..."

எத்தனையோ தடவை கேட்ட கதை. நடுவில் நிறுத்திவிடுவாளோ என்றுதான் அன்று எனக்குப் பயமாக இருந்தது.