பெர்த் வரை குலுங்காமல்

சோதனை ஓட்டத்தில் டால்பி ஊரைத் தாண்டுவதற்குள் நோலீன் மூன்றாவது முறையாகக் கார் கண்ணாடியை இறக்கினாள்.

"குமட்டுது, கெல்வின்."

இருபத்திரண்டு வருஷம் மண் ரோட்டில் ஸ்கூல் பஸ் ஓட்டியவள். கேரவன் என்கிற சக்கர வீட்டை இழுக்கிற காரில், புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் தலை சுற்றியது.

குற்றம் கார் மேல்தான். கேரவனைக் கோர்த்ததும் அதன் பின்பக்கம் தணிந்து, மூக்கு வானத்தைப் பார்த்தது. ஒவ்வொரு மேட்டுக்கும் நாலு தரம் ஆடி ஓய்ந்தது.

"இப்படியே பெர்த் வரைக்கும் நாலாயிரம் கிலோமீட்டரா? இன்னும் ரெண்டு தடவை பாப்பேன். அப்புறம் நான் ப்ளேன்ல போயிடுவேன். நீ கேரவனோட மெதுவா வா."

ரிடையர் ஆனதிலிருந்து கெல்வினுக்கு ஒரே கனவு. இருவரும் சேர்ந்து பாலைவனத்தைக் கடக்க வேண்டும். மறுநாள் காலை மெக்கானிக் ஸ்டாவ்ரோஸின் கடையில் நின்றார்.

"உன் கார் ஷாக் அப்சார்பர் நாலும் செத்துப் போச்சு தலைவா. கேஸ் ஷாக் போடு" என்றான் ஸ்டாவ்ரோஸ்.

போட்டார். கழற்றிய நாலையும் குப்பையில் வீசப் போனவரை நோலீன் தடுத்தாள்.

"பாலைவனத்துல ஒண்ணு உடைஞ்சா எங்க போய் நிப்ப? கேரவன் முன்பெட்டியில போடு."

வருவதாகத்தானே இருக்கிறாள் என்று கெல்வின் நெகிழ்ந்துபோனார்.

கார் முன்னைவிடத் தாழ்ந்தது.

"ஷாக் ஆட்டத்தை அடக்கும், பாரத்தைத் தாங்காது. அது ஸ்பிரிங் வேலை" என்றான் ஸ்டாவ்ரோஸ். "எடை மேடையில நிறுத்திப் பாத்தியா?"

"நாப்பது வருஷமா கேரவன் இழுக்கறேன்டா. எனக்கா எடை தெரியாது?"

கனத்த ஸ்பிரிங் வந்தது. பழைய ஸ்பிரிங் கட்டு, நோலீன் யோசனைப்படி, முன்பெட்டிக்குப் போனது. புது ஸ்பிரிங் காரைத் தூக்கித் தூக்கிப் போட்டதில் கேஸ் ஷாக் திணறியது. அதைவிடத் தடிமனாக நாலு வாங்கினார். கேஸ் ஷாக்கும் முன்பெட்டிக்கே போயிற்று.

இரண்டாவது தடவையும் முடிந்தது. நோலீன் கண்ணாடியை இறக்கிவிட்டு, போனை எடுத்து ப்ளேன் டிக்கெட் பார்த்தாள்.

வேறு வழியில்லாமல் கெல்வின், தானியக் கிடங்கு எடை மேடைக்குத் தனியாகக் கேரவனை இழுத்துப் போனார். மேடைக்காரப் பெண் சீட்டைக் கிழித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"காரோட கோக்கற கொக்கி மேல நூத்திமுப்பது கிலோ அதிகம். முன்பெட்டில என்ன வெச்சிருக்கீங்க?"

திறந்தார். எட்டு ஷாக்குகள். ஸ்பிரிங் கட்டு. அடியில், இரண்டு பேருக்குச் சமைக்க நோலீன் முதல் நாளே அடுக்கிய ஆறு இரும்புச் சட்டிகள்.

"இத்தனையும் கொக்கிக்கு நேர் மேலயா? இறக்கிப் போட்டா பழைய ஷாக்கும் ஸ்பிரிங்குமே போதுமே."

"தெரியாமப் போச்சும்மா."

அவள் புருவத்தைச் சுருக்கினாள்.

"நோலீன் சொல்லலையா? அவங்க பஸ்லதான் நான் ஸ்கூலுக்குப் போனேன். போன மாசம் இதே கேரவனைத் தானே இழுத்துட்டு வந்து நிறுத்திப் பாத்தாங்க. முன்பெட்டில இன்னும் எவ்வளவு ஏத்துனா காரு பின்பக்கம் தரை தட்டும்னு கேட்டு, எழுதிட்டுப் போனாங்களே."