கையில் ஒட்டிய லேபிள்

திருத்தங்கல்
ஆவணி 9

அன்பு மகள் ஓவியாவுக்கு அப்பா சோணைமுத்து ஆசியோடு எழுதுவது. ஜெர்மனியில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க இருக்கன்குடி மாரியம்மன் துணையிருப்பாள். நானும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். போன தையில் அம்மா போனதிலிருந்து போனில் பேசினால் இரண்டு பேரும் அழுதுவிடுகிறோம், சொல்ல வந்த விஷயம் நின்றுபோகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

விஷயம் என் வலது கையில் குத்தியிருக்கிற பச்சை. பிரசவத்துக்கு வரச் சொல்லி டிக்கெட் அனுப்பினாய், கூடவே, "அப்பா, அந்தச் சுவஸ்திக்கை மட்டும் எப்படியாச்சும் அழிச்சிட்டு வாங்கப்பா" என்றாய். உங்கள் மாடியில் இருக்கிற யூத அம்மா, மசக்கையில் நீ சுருண்டு கிடந்தபோது கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர், அவர் சின்னப் பிள்ளையாக இருக்கையில் ஹிட்லர் ஆட்கள் அவர் வீட்டில் வேறு ஒருவரையும் மிச்சம் வைக்கவில்லை என்றாய். நியாயம்தான். ஆனாலும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. முப்பத்திரண்டு வருஷம் பிரஸ்ஸில் கல்யாணப் பத்திரிகையிலும் காலண்டரிலும் லட்சம் லட்சமாக இதை அடித்தவன் நான். அதனால் ஒரு கல்யாணமாவது நின்றிருக்கிறதா?

எங்கள் பிரஸ்ஸில் புரூப் பார்த்த பீர் முகைதீனிடம் போய்ப் புலம்பினேன். அவர் இரண்டு நாள் செல்போனைத் துழாவிவிட்டுச் சொன்னார். நாலாயிரம் வருஷத்துச் சிந்துவெளி முத்திரையிலேயே இது இருக்கிறதாம், சமணர் கோயிலிலும் புத்தர் கோயிலிலும் இருக்கிறதாம், அந்த ஐரோப்பாவிலேயே பழைய பானைகளில் இருக்கிறதாம், நூறு வருஷத்துக்கு முன்னால் அவர்களும் நல்ல சகுனம் என்று வாழ்த்து அட்டையில் அடித்தார்களாம். நடுவில் அந்த ஹிட்லர் பாவி எடுத்துக் கொடியில் போட்டுக்கொண்டான், அதையும் சாய்த்து. அச்சுப் பிளேட்டை நேராக மாட்டத் தெரியாதவன் என்று நான் திட்டினேன். பீர் முகைதீன் சிரிக்கவில்லை.

"இது டூப்ளிகேட் லேபிள் கேசு, முத்து. நம்ம லேபிளைக் களவாண்டு ஒருத்தன் கெட்ட பட்டாசுச் சரக்குல ஒட்டிட்டான். அது வெடிச்சுப் பிள்ளையைப் பறிகொடுத்தவகிட்டப் போயி, ஒரிஜினல் கம்பெனி நாங்கதான்னு சொல்வீகளா?"

சொல்ல மாட்டேன். இந்த ஊர்க்காரன் எவனும் சொல்ல மாட்டான். அங்கேயே கோபம் போய்விட்டது.

சரி, மறைத்துப் பார்ப்போம் என்று ஒத்திகையாக முழங்கைவரை பேண்டேஜ் சுற்றிக்கொண்டு சிவகாசி பஸ்ஸில் ஏறினேன். புத்திகெட்ட வேலை. நம்ம ஊர் பஸ்ஸில் கையில் கட்டோடு ஏறலாமா? கண்டக்டர் டிக்கெட் கொடுக்காமல், "எந்தக் கம்பெனி? எத்தனை பேரு?" என்கிறார், ஒரு பெண் தன் புருஷனுக்குப் போன் போட்டு நல்லா இருக்கீகளா என்று அழுகிறாள், இறங்குவதற்குள் ஏதோ ஒரு பட்டாசு ஷெட்டில் நான் செத்துப் பிழைத்ததாகச் செய்தி போய், சாத்தூரிலிருந்து என் சித்தப்பா ஊர்க்காவலன் இரண்டு கிலோ சாத்துக்குடியோடு மாரில் அடித்துக்கொண்டு வந்துவிட்டார். கட்டை அவிழ்த்துக் காட்டினேன். "என்னலே, காயமே இல்ல!" என்று கோபித்துக்கொண்டு சாத்துக்குடியைத் திரும்ப எடுத்துப் போய்விட்டார்.

அடுத்து மதுரையில் லேசர் டாக்டர். எட்டுத் தடவை வர வேண்டும், ஒரு வருஷம் ஆகும் என்றார். உன் பிள்ளை அதுவரை உள்ளேயே இருக்குமா? கடைசியில் சிவகாசியில் பச்சை குத்தும் கடை வைத்திருக்கிற தருண்குமாரிடம் போனேன். தன் கழுத்துவரை படம் குத்திக்கொண்ட பையன். முதலில் சிங்கம் போட்டு மறைக்கலாம் என்றான், இந்தக் கைக்குச் சிங்கமா என்றேன். உடனே நாலு முனையையும் இழுத்துச் சேர்த்துக் கட்டம் கட்டி, "ஜன்னலாக்கிருவோம் தாத்தா" என்று பேப்பரில் போட்டுக் காட்டினான். நாலு கண்ணாடி வைத்த அச்சு அசல் ஜன்னல். பார்த்ததும் மனசுக்குப் பிடித்துவிட்டது.

ஆகவே குத்தியாகிவிட்டது. இனி நீ பயப்பட வேண்டாம். மாடி அம்மா கேட்டால், எங்கள் அப்பாவுக்குக் காற்றோட்டம் பிடிக்கும் என்று சொல். அவருக்குச் சாத்தூர் சேவு வாங்கி வைத்திருக்கிறேன், காரம் குறைவாகத்தான். மாப்பிள்ளைக்கு என் அன்பு. நல்லபடியாகப் பெற்று, நூறு வயசு நல்லா இரு தாயி.

இப்படிக்கு,
உன் அப்பா,
சோ. சோணைமுத்து

பின்குறிப்பு: ஜன்னல் என்று எழுதியது பொய். ஊசி தோலில் பட்டதும் கையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். உனக்குச் சொன்னதில்லை. சுவஸ்திக் போட்டு நான் அடித்த மத்தாப்பு லேபிளைப் பெட்டியில் ஒட்டுகிற வேலைதான் உன் அம்மாவுக்கு. கல்யாணமான வருஷம் ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி போனபோது, மடியிலிருந்து அந்த லேபிள் ஒன்றை எடுத்துப் பச்சை குத்துகிறவளிடம் நீட்டி, "இதுல இருக்கதையே ரெண்டு பேருக்கும் குத்து" என்றவள் உன் அம்மா இருளம்மாள்தான். எனக்கு வலித்ததற்குச் சிரித்தாள். போன தையில் அவளைக் குளிப்பாட்டும்போது அவள் கையில் இருந்ததைக் கடைசியாகப் பார்த்தேன். அது அவளோடு எரிந்துவிட்டது. மிச்சம் இது ஒண்ணுதான், அழிக்க எனக்கு மனசு வரலை தாயி. அந்த அம்மா மனசும் நோகக் கூடாது. அதனால் கட்டுப் போட்டுக்கொண்டே வருகிறேன், அங்கே இருக்கிறவரை அவிழ்க்க மாட்டேன், பிள்ளையைத் தூக்கும்போதும் அவிழ்க்க மாட்டேன். அவர் கேட்டால், அப்பா சிவகாசிப் பக்கம், கையில் தீக்காயம் என்று சொல்லிவிடு. அது பொய் இல்லை.