தொலையாத பாஸ்போர்ட்

பொருளைத் தொலைக்கிறவர்களைப் பற்றி ஊரே பேசித் தீர்த்துவிட்டது. குடையைப் பேருந்தில் விட்டுவிட்டு நனைந்துகொண்டு வருகிறவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிறவர் எல்லாரும் அப்பாவிகள். அவர்களால் யாருக்கும் பெரிய கெடுதல் இல்லை. நான் சொல்ல வந்த இனம் வேறு. வாழ்நாளில் ஒரு குண்டூசியைக்கூடத் தொலைத்ததில்லை என்று மார்தட்டுகிற இனம். இவருக்குப் பத்திரப்படுத்துகிறவர் என்று பெயர். எதைக் கேட்டாலும் ‘பத்திரமா இருக்கு’ என்பார். எங்கே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

இவர் குடியிருக்கும் வீட்டைச் சுலபமாக அடையாளம் காணலாம். அங்கே பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பிரிப்பார்கள், ஏனென்றால் கத்தரிக்கோல் பத்திரமாக இருக்கிறது. மின்சாரம் போனால் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பார்கள். டார்ச்சும் பத்திரமாக இருக்கிறது. பீரோ சாவி ஒரு டப்பாவுக்குள், டப்பா ஒரு பெட்டிக்குள், பெட்டிக்கும் ஒரு பூட்டு, அந்தப் பூட்டின் சாவி எங்கே என்பது இவர் ஒருவருக்குத்தான் தெரியும். அதுவும் எல்லா நாளும் தெரியும் என்று சொல்ல முடியாது.

நம்முடைய ஆள் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். இவரிடம் ஒரு ஸ்க்ரூ வாங்குவதற்குள் ஆயுசு போய்விடும் என்று மெக்கானிக்குகள் சொந்தக் காசில் வெளிக்கடையில் வாங்கிக்கொள்வார்கள். கையிருப்பு குறையவே இல்லையே என்று மேனேஜர் இவரைக் கூட்டத்தில் பாராட்டியிருக்கிறார். மனைவியின் அக்காள் மகள் இவருக்கு ‘லாக்கர் சித்தப்பா’ என்று பெயர் வைத்திருந்தாள். அது காதில் விழுந்தபோது மனுஷன் கோபித்துக்கொள்ளவில்லை. பெருமைப்பட்டார்.

அவரிடமிருந்து ஒரு பொருளை வாங்குவது ஒரு சடங்கு. முதலில் எதற்கு என்று கேட்பார். பதில் திருப்தியாக இருந்தால் அறையிலிருந்து எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். டிராயர் இழுபடும் சத்தம், பிளாஸ்டிக் கவர் சரசரக்கும் சத்தம், நாற்காலி மேல் ஏறும் சத்தம் எல்லாம் வரிசையாகக் கேட்கும். பிறகு பொருளோடு வெளியே வந்து, பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து கொடு என்று சொல்லித் தருவார். திருப்பிக் கொடுத்தால் பழைய இடத்தில் வைக்கமாட்டார். திருடர்கள் சத்தத்தை வைத்து இடத்தைக் கண்டுபிடித்திருப்பார்களே! கட்டின மனைவியும் பெற்ற பிள்ளைகளும்தான் அந்தத் திருடர்கள் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

இப்படி இருக்கையில், வெளிநாட்டில் இருக்கும் மனைவியின் அக்காவுக்கு இருதயத்தில் ஆபரேஷன் என்று தேதி குறித்துவிட்டார்கள். தாய் இல்லாத வீட்டில் தங்கைக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் அந்த அக்காதான். போனில் அக்காள் மகள் அதிகம் பேசவில்லை. “சித்தி, அம்மா உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க. உள்ளே கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி வந்துடுங்க” என்றாள்.

மனைவி பாஸ்போர்ட்டைக் கேட்டாள். எதற்கு என்று இந்த முறை அவர் கேட்கவில்லை. அவருக்கும் மனசு உண்டு. கதவு சாத்தப்பட்டது. சத்தங்கள் வரிசைப்படி கேட்டன. வரிசை முடிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கின. வெளியே வந்தபோது சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. பெயிண்டர்கள் வந்த சமயத்தில் இடம் மாற்றி வைத்ததாகவும், இப்போதைக்கு அது பத்திரமாக இருப்பதாகவும், நாளைக்கு எடுத்துத் தருவதாகவும் சொன்னார்.

நாளை வந்தது, போனது. வீடு தலைகீழானது. மனைவி தானும் தேடுகிறேன் என்றாள். அவர் விடுவாரா? ஆளாளுக்குத் தேட ஆரம்பித்தால் இத்தனை வருஷமாகப் பாடுபட்டுக் கண்டுபிடித்த இடங்களெல்லாம் வெளியே தெரிந்துபோகுமே! அதனால் அவர் தேடினார், அவள் ஹாலில் உட்கார்ந்து சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடையிடையே பெயிண்டர்களைத் திட்டும் குரலும் கேட்டது.

கடைசியில் அவளே சொன்னாள், புது பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிடலாம் என்று. அவசரம் என்று சொன்னால் சீக்கிரமே தருகிறார்களாம். ஆனால் பழையது தொலைந்துவிட்டதாக முதலில் போலீசில் புகார் கொடுத்து ரசீது வாங்கி வர வேண்டுமாம். இந்த மாதிரி இடங்களுக்குப் பெண்கள் போகக்கூடாது, நான் போகிறேன் என்று அவர் கிளம்பிப் போனார்.

அங்கே மேஜைக்குப் பின்னால் இருந்த ஏட்டு நல்ல மனிதர். பேனாவைத் திறந்துகொண்டு, எங்கே தொலைந்தது என்று கேட்டார்.

“தொலையலை சார். வீட்லதான் பத்திரமா இருக்கு.”

“அப்ப எடுத்துட்டுப் போங்களேன். இங்க எதுக்கு வந்தீங்க?”

“எந்த இடம்னுதான் சட்டுனு ஞாபகம் வரலை.”

“அதைத்தாங்க தொலைஞ்சு போச்சுன்னு சொல்றது. எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

“நான் எதையும் தொலைக்கிற ஆள் இல்லை சார்” என்றார் நம் ஆள்.

ஏட்டு பேனாவை மூடிவிட்டார். பின்னால் நின்றிருந்தவரைக் கூப்பிட்டார். நம் ஆள் தலை நிமிர்ந்து வெளியே நடந்தார். ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் தொலைத்தவன் என்று அரசாங்கத்தின் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு நாளைக்கு ஸ்டோரில் எந்த முகத்தோடு உட்காருவது? மைத்துனிக்கு இருதயம் என்றால் இவருக்கு மானம். இன்னும் கொஞ்சம் தேடிப் பார்த்துவிடலாம் என்று வீட்டில் வந்து சொன்னார். புகார் கொடுத்தால் வீண் தொல்லை வரும் என்று அந்த ஏட்டே சொன்னதாகவும் கூசாமல் சேர்த்துக்கொண்டார்.

அவள் நம்பினாள். அதுதான் அவள் செய்த தப்பு.

அக்காவை உள்ளே கூட்டிப்போன அன்று இவர் பரணில் ஏறித் தேடிக்கொண்டிருந்தார். ஆபரேஷன் முடிந்தது, பிழைத்துவிட்டாள் என்று போன் வந்தது. மனைவி அழுதாள். இவர் பரணிலிருந்தபடியே, நல்ல செய்திக்கு எதற்கு அழுகை என்று கேட்டார்.

மறுநாள் அவள் யாரிடமும் சொல்லாமல் தானே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். அன்றைக்கு மேஜையில் ஒரு பெண் போலீஸ் இருந்தாள். எப்படித் தொலைந்தது என்று கேட்டாள்.

“எங்க வீட்டுக்காரர் பத்திரமா வெச்சிருந்தார்” என்றாள் இவள்.

பெண் போலீஸ் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்காமல் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தாள்.

புது பாஸ்போர்ட் வந்தது. தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு அவளே வாங்கினாள். பழக்க தோஷம், அவர் கை நீட்டினார். “கொடு, போறவரைக்கும் பத்திரமா வெச்சிருக்கேன்.” அவள் அதைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். “வேண்டாங்க. இது எனக்கு வேணும்” என்றாள். அதோடு கிளம்பியும் போய்விட்டாள்.

அவள் போன பிறகு இஸ்திரிப்பெட்டி பழுதானது. அதன் வாரன்டி அட்டையைத் தேடப் போய், இஸ்திரிப்பெட்டி வந்த அட்டைப்பெட்டியில், தெர்மோகோலுக்கு அடியில், கவருக்குள் கவருக்குள் கவராக அந்தப் பழைய பாஸ்போர்ட்டைக் கண்டெடுத்தார். காலி அட்டைப்பெட்டியை எந்தத் திருடன் தூக்கிக்கொண்டு போவான்? தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டார். உடனே போன் போட்டார்.

“பாத்தியா? நான்தான் அப்பவே சொன்னேனே, தொலையவே இல்லைன்னு!”

அவள் அப்போது அக்காவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பை வைத்துவிட்டு வேறு அறைக்குப் போய்ப் பேசினாள்.

“உள்ளே கூட்டிட்டுப் போறப்ப அக்கா வாசலையே பாத்துக்கிட்டிருந்தாளாம்” என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள்.

 இவருக்கு நெஞ்சில் என்னவோ செய்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். தொலைந்ததாக எழுதிக் கொடுத்த பாஸ்போர்ட் செல்லாது, கிடைத்தால் ஒப்படைத்துவிட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் கையில் இருப்பதை விட்டுக்கொடுக்கிற பரம்பரையா? பிள்ளைகளும் வெளியே போயிருந்தார்கள், வீட்டில் ஈ காக்கை இல்லை. இருந்தும் கதவைச் சாத்திக்கொண்டு அதற்கு ஒரு புது இடம் பார்த்தார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், ஒத்துக்கொள்கிறேன். உங்கள் மனைவியுடையது? அதுவும் தெரியுமா? சரி, இப்போது அவரைக் கூப்பிட்டு, எழுந்துபோய் அதை எடுத்துவரச் சொல்லுங்கள். அவர் எழுந்திருக்காமல் உங்கள் முகத்தையே பார்த்தால், இதுவரை நான் யாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.