மார்த்தா எங்கள் சொந்தக்காரி இல்லை

மில்லிக்கன்,
சனிக்கிழமை.

பேரன்புக்கும் இப்போது பெருங்கோபத்துக்கும் உரிய பேபி அக்காவுக்கு, தம்பி மகேஸ்வரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி, மகள் நிலாணி மூவரும் உயிரோடு நலம். ‘உயிரோடு’ என்ற சொல்லை இரண்டு தரம் வாசிக்கவும். அஜக்ஸில் நீங்களும் அத்தானும் அவ்வண்ணமே இருக்க முருகன் துணை.

போனை நீங்கள் எடுக்கிறீர்கள் இல்லை. “சொந்தத் தம்பி வீட்டுச் செத்தவீட்டை மரக்கறிக் கடைச் சுவரிலை பாத்தோ நான் அறியவேணும்? ஆரடா அந்த மார்த்தா? இவ்வளவு காலமும் என்னட்டை மறைச்சனியோ?” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தவர்தான். சாவுத் துடக்கு என்று கோயிலுக்கும் போகாமல் இருக்கிறீர்களாம். அக்கா, எங்கள் வீட்டில் ஒருவரும் சாகவில்லை. மார்த்தா எங்கள் சொந்தக்காரி இல்லை. அது ஒரு புறா. உங்களுக்கும் இந்த விசயத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்று அடித்துச் சொல்கிறேன்.

நடந்தது இதுதான். நிலாணி பாங்க் வேலையை விட்டுவிட்டுக் கலை செய்கிறாள் என்று உங்களுக்குத் தெரியும். ஒருகாலத்தில் இந்த ஒன்ராறியோ வானத்தையே மறைத்துக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் பறந்த புறா ஒன்று இருந்ததாம். சுட்டுச் சுட்டுத் தின்று தீர்த்துவிட்டார்கள். கடைசிப் புறா மிருகக்காட்சிச்சாலைக் கூட்டுக்குள் 1914இல் செத்தது. அதன் பெயர்தான் மார்த்தா. நிலாணி ஒரு மண்டபம் முழுக்கக் கடதாசிப் புறாக்களைத் தொங்கவிட்டு, நடுவில் வெறுங்கூடு ஒன்றை வைத்து, அதற்குள்ளிருந்து செயற்கை அறிவு மார்த்தாவாக ஆங்கிலத்திலும் எங்கட தமிழிலும் கதைக்கும்படி செய்திருக்கிறாள். “அழிஞ்சதுக்கு, புதுசா வந்தது குரல் குடுக்குது அப்பா. அடுத்ததா அழியப்போறது ஆர் எண்டு சனம் யோசிக்கவேணும்,” என்றாள். நான் உடனே யோசித்தேன், அவளுடைய சம்பளத்தைப் பற்றி. மண்டபத்துக்காரி கிளடிஸ், முதல் நாள் சனம் வராவிட்டால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். பிள்ளை சோறும் தின்னவில்லை. பழையபடி பாங்குக்கே போகவேண்டியதுதான் என்று சொல்லத் தொடங்கிவிட்டாள்.

விட்டுவிடுவேனா? தமிழில் நோட்டீஸ் அடிக்கும் பொறுப்பை நானே எடுத்தேன். வோபர்னில் மரியோவின் அச்சகம் இருக்கிறதல்லவா, கலியாணம் முதல் கண்ணீர் அஞ்சலி வரைக்கும் அவன்தானே. போனில் சுருக்கமாகச் சொன்னேன்: “பேர் மார்த்தா. கடைசி ஆள். ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினாலு. படம் அனுப்புறன். சனம் எல்லாம் வரவேணும்.” இவ்வளவையும் கேட்ட மரியோ வேறு என்ன அடிப்பான்? 1914ஐத் தோற்றம் என்று போட்டு, மறைவுக்குப் போன கிழமையைப் போட்டு, புறாப்படத்தை நான் கைதவறி அனுப்பிவிட்டேன் என்று நினைத்து அந்த இடத்தில் குத்துவிளக்கை வைத்து, கீழே ‘தகவல்: மகேஸ்வரன் குடும்பத்தினர்’ என்று முடித்துவிட்டான். சரிபார்க்க அனுப்பினவன்தான். என் பெயரில் எழுத்துப்பிழை இல்லை என்று பார்த்துவிட்டு ஓம் என்றேன்.

முதல் நாள் சனம் வந்தது பாருங்கோ! நூறு தாண்டின மனுசி என்றால் சும்மாவா? எங்கட கமலாம்பிகை அன்ரி வெள்ளைச் சேலையோடு முன்னுக்கு வர, பின்னாலை இடியப்பத் தட்டு, வடைத் தட்டு, பிளாஸ்க்கில் கோப்பி. கிளடிஸ் இதுவும் கலையின் ஒரு பகுதி என்று நினைத்துப் படம் எடுத்துத் தள்ளினாள். “பெட்டி எங்கை?” என்று அன்ரி கேட்க, நான் வாய் திறக்க முதல் கூடு கதைத்தது. “நான்தான் கடைசி. எனக்குப் பிறகு ஒருத்தரும் இல்லை.” அன்ரி அப்படியே கூட்டைப் பிடித்துக்கொண்டு, “ஐயோ, அப்பிடிச் சொல்லாதை பிள்ளை! உன்ரை சனமெல்லாம் எங்கையம்மா?” என்றா. “சுட்டுப்போட்டினம்,” என்றது கூடு.

அக்கா, ஆர் சுட்டது, ஏன் சுட்டது என்று எங்கட சனம் ஒன்றும் கேட்கவில்லை. அன்ரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு ஒரு வடையை எடுத்துக் கூட்டுக்குள் வைத்தா. நானும் அழுதேன், அதை மறைக்க என்ன இருக்கு? அது புறா என்று நிலாணி விளக்கிச் சொன்ன பிறகும் ஒருவர்கூட எழும்பிப் போகவில்லை. “இந்தக் குரலை எங்கையோ கேட்ட மாதிரிக் கிடக்கு,” என்று மட்டும் இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிளடிஸ் மாத முடிவு வரைக்கும் மண்டபத்தைத் தந்துவிட்டாள். எல்லாம் என் நோட்டீஸால் வந்த வெற்றி.

ஆகவே சாவும் இல்லை, துடக்கும் இல்லை. தலைக்கு முழுகிக் கோயிலுக்குப் போங்கோ. நிலாணிக்கு நீங்கள் ஒருக்கா வந்து பார்த்தால் போதும். அத்தானுக்கு என் வணக்கம். எல்லோரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல்லுக்கு அடங்கிய தம்பி,
மகேஸ்வரன்.

பி.கு: கடிதத்தை மடிக்கும்போது நிலாணி அழுதுகொண்டு வந்தாள். மார்த்தாவைக் கதைக்கவைத்த அந்தச் செயற்கை அறிவைக் கொம்பனிக்காரர் இண்டையோடை மூடிப்போட்டினமாம். புதுசு வந்தால் பழசுக்கு இடமில்லையாம். கூடு இனிக் கதைக்காது. அதனால் ஒருவரும் சாகவில்லை என்று மேலே எழுதினதை வெட்டிவிடுங்கோ. உங்களுக்குச் சம்பந்தமில்லை என்று அடித்துச் சொன்னதையும் வெட்டுங்கோ. கூட்டுக்குள்ளை கதைச்சது உங்கட குரல், அக்கா. “சாப்பிட்டியோ, ஏன் போன் எடுக்கிறாய் இல்லை” என்று நீங்கள் அவளுக்கு அனுப்பின குரல்பதிவுகளை வைத்துத்தான் அதைத் தமிழ் கதைக்கப் பழக்கினவள். கேட்காமல் எடுத்தது பிழைதான். “மாமி வந்து கூட்டுக்குப் பக்கத்திலை இருந்து கதைப்பாவோ?” என்று கேட்கிறாள். மெசின் வந்து மனுசற்றை வேலையைப் பறிக்கும் எண்டு ஊரெல்லாம் பயப்பட, மெசினுடைய வேலை உங்களுக்கு வந்திருக்கு. கடிதத்தைத் தபாலில் போடவில்லை, கதவுக்குக் கீழாலை தள்ளியிருக்கிறன். நானும் நிலாணியும் உங்கட வாசலிலை காருக்குள்ளைதான் இருக்கிறம். தலைக்கு முழுகவேண்டாம், வெள்ளைச் சேலையையே உடுத்துக்கொண்டு கதவைத் திறவுங்கோ, அக்கா.