தீர்த்தத்தில் ஓடிய கார்

கொழும்பு வெள்ளவத்தைக்கு ஆண்டவன் அருள் கார் வடிவில் வந்தது. பெற்றோலுக்கு வரிசை, சந்திக்குச் சந்தி சோதனைச்சாவடி என்றிருந்த போர்க்காலம். ஒளியானந்த சுவாமிகள் தம் காரின் மேல் ஒரு செம்புத் தீர்த்தம் தெளிப்பார். பெற்றோலே இல்லாமல், சத்தமில்லாமல், புகையில்லாமல் அது ஒழுங்கைக்குள் வழுக்கிக்கொண்டு போகும். சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பட்டதாரிகள் கொஞ்சம் பலமாகவே போட்டுக்கொண்டார்கள்.

கனகேஸ்வரிக்கு மட்டும் வயிறு எரிந்தது. அவள் கணவர் யோகநாதன் தங்கள் பழைய காருக்கும் அதே தீட்சை கேட்டிருந்தார். தட்சணை அவளுடைய தாலிக்கொடி!

"டிக்கிக்குள்ள என்ன சாமி?" என்று கேட்டாள்.

"அது கர்ப்பக்கிருகம், தங்கச்சி. திறக்கப்படாது."

அந்தத் தெய்வீகக் கார் கடற்கரை ஒழுங்கைகளில்தான் உலா வந்தது. டிக்கியைத் திறந்து பார்க்கும் சோதனைச்சாவடிப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. கனகேஸ்வரி அதைக் கவனித்திருந்தாள். கொட்டாஞ்சேனைக்குப் போவதென்றால் சாவடியைத் தாண்டித்தான் ஆகவேண்டும்.

"அப்ப கொட்டாஞ்சேனைக் கோயிலுக்கு ஒருக்காப் போட்டு வருவம், சாமி. வந்து கொடியைக் கழட்டித் தாறன்."

"இப்ப ராகுகாலம்..."

"அருளுக்குமோ ராகுகாலம்?"

"ஓம் ஓம், போவம்!" என்று கூட்டம் ஆர்ப்பரித்துச் சுவாமிகளைக் காருக்குள் தள்ளியது. பக்தி அவசரம் பொல்லாதது. கார் முன்னே ஊர, சனம் பின்னே நடந்தது.

காலி வீதிச் சாவடியில் சிப்பாய் கையைக் காட்டி மறித்து, டிக்கியைத் திறக்கும்படி சிங்களத்தில் அதட்டினான். "டிக்கி எக்க அரின்ன!"

அவனுக்குக் கர்ப்பக்கிருகம் தெரியாது. தானே திறந்தான். உள்ளே அடுக்கடுக்காய்ப் பெட்டிகள், சுருள் சுருளாய் வயர். குண்டென்று நினைத்துச் சிப்பாய் துவக்கை நிமிர்த்தினான். கனகேஸ்வரியே இரண்டடி பின்வாங்கினாள்.

"மாத்தயா, போம்ப நெவெய்! குண்டில்லை ஐயா! பற்றரி, பற்றரி!" சுவாமிகள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு இரண்டு பாஷையிலும் கதறினார். "வீட்டுச் சுவரில ப்ளக் போட்டுச் சார்ஜ் ஏத்திறனான்! கிட்டத் தூரத்துக்கு மோட்டர் இழுக்கும், அதுதான் சத்தமில்லை! சார்ஜ் இறங்கினாப் பெற்றோல் எஞ்சின் இழுக்கும்! தீர்த்தம் வெறும் பைப் தண்ணி!"

நம்பவைக்க எஞ்சினையும் போட்டுக் காட்டினார். அது குபுகுபுவென்று புகை கக்கியது. சிப்பாய் விழுந்து விழுந்து சிரித்தான். பக்தர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு கெட்டித்தனத்தையும் மனிதர் ஒரு கராஜில் காட்டியிருந்தால் கௌரவமாகப் பிழைத்திருப்பார்.

யோகநாதன் மெல்ல இழுத்தார். "எண்டாலும் கனகம், அந்தக் கரண்டிலயும் ஒரு சக்தி இருக்குத்தானே?"

கனகேஸ்வரி தாலிக்கொடியைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"ஓம், இருக்கு. காருக்கு ஏத்தினது போதும். இனி எல்லாரும் உங்கட மண்டைக்குக் கொஞ்சம் ஏத்துங்கோ!"